எதிரி வீட்டு இளவரசனைத் தன் பக்கம் இழுத்த சோழர்: வேங்கி முதல் கல்யாணி வரை

இடைக்கால மன்னர்கள் பெண் கொடுத்தும் பெண் எடுத்தும் செய்துகொண்ட கூட்டணிகள் எதிரி அரசை உண்மையிலேயே பலவீனப்படுத்தினவா, அல்லது போர்க்களத்தில் முடிவான ஒன்றை ஊரறியச் செய்யும் சடங்குகளாக மட்டும் இருந்தனவா என்று கேட்டிருந்தீர்கள். சோழருக்கும் மேலைச் சாளுக்கியருக்கும் இடையே நூறாண்டுக்கு மேல் நடந்த போட்டியை எடுத்துக்கொண்டால் இதற்குத் தெளிவான விடை கிடைக்கிறது. சோழர் களத்தில் பெற்ற வெற்றிகளில் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் கரைந்துபோயின. எதிரியின் குடும்பத்திலிருந்து அரசுரிமை கோரும் ஒருவனைத் தம் பக்கம் இழுத்து, அவனுக்குப் பெண்ணும் படையும் பட்டமும் கொடுத்தபோதுதான் எதிரியின் கை உண்மையில் கட்டுண்டது. ஆனால் அந்தக் கட்டு, கொடுத்தவனும் பெற்றவனும் உயிரோடிருந்த வரைக்கும்தான் தாங்கியது; அதற்குப் பிறகு அதே வழியில் எதிரியும் உள்ளே வந்தான். திருமணம் என்பது சமாதானத்துக்கான உறுதிமொழி என்று நாம் எளிதாக நினைத்துக்கொள்கிறோம். என் கருத்தில், 11ஆம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவில் அது முதன்மையாக அடுத்த வீட்டு அரசுரிமைப் பூசலில் தலையிடும் உரிமையைப் பெற்றுத்தந்த கருவி.

முதலில் நிலவியலைப் பார்த்துவிட வேண்டும். 973இல் இரண்டாம் தைலபன் இராஷ்டிரகூடரை வீழ்த்தி மேலைச் சாளுக்கிய அரசை மீண்டும் நிறுவினான். அந்த மரபினர் பின்னர் கல்யாணியைத் தலைநகராக்கிக்கொண்டதால் கல்யாணிச் சாளுக்கியர் எனப்படுகின்றனர். அவர்களது நாட்டைத்தான் சோழர் மெய்க்கீர்த்திகள் (கல்வெட்டுத் தொடக்கத்தில் அரசன் புகழ் பாடும் பகுதிகள்) ‘இரட்டபாடி ஏழரை இலக்கம்’ என்கின்றன. கோதாவரிக்கும் கிருஷ்ணைக்கும் இடைப்பட்ட வேங்கி நாட்டை, 7ஆம் நூற்றாண்டில் இரண்டாம் புலிகேசியின் தம்பி குப்ஜ விஷ்ணுவர்த்தனன் தொடங்கிய கீழைச் சாளுக்கியர் ஆண்டுவந்தனர். ஒரே குடியின் இரு கிளைகள் என்பதால் வேங்கி தமக்கு உரியது என்பது மேலைச் சாளுக்கியரின் தீராத எண்ணம். ஆற்றுக் கழிமுகத்தின் நெல்வளமும் கடல்துறைகளும் கொண்ட அந்நாடு சோழர் பக்கம் இருந்தால், கல்யாணி வேந்தன் தெற்கே துங்கபத்திரையை மட்டுமல்லாமல் கிழக்கு எல்லை முழுவதையும் காக்க வேண்டியிருக்கும். அது கல்யாணியின் பக்கம் போய்விட்டால், வடக்கே செல்லும் சோழப் படையின் வலப்புறம் எப்போதும் திறந்து கிடக்கும். இத்தனை போருக்கும் மணத்துக்கும் வேங்கி காரணமானது இதனால்தான்.

வேங்கியில் சோழருக்குக் கதவு திறந்தது ஓர் அரசுரிமைப் பூசலால். கீழைச் சாளுக்கிய மன்னன் தானார்ணவன் 973 வாக்கில் ஜடாசோட பீமன் என்ற தெலுங்குச் சோடத் தலைவனால் கொல்லப்பட்டான். பீமன் ஏறத்தாழ 27 ஆண்டுகள் வேங்கியை ஆண்டான். தானார்ணவனின் மக்களான சக்திவர்மனும் விமலாதித்தனும் நாடிழந்து சோழரிடம் அடைக்கலம் புகுந்தனர். முதலாம் ராஜராஜன் அவர்களை ஆதரித்தது இரக்கத்தால் மட்டும் அன்று என்பது அவன் அடுத்துச் செய்தவற்றிலிருந்து தெரிகிறது. சோழப் படை வடக்கே சென்று பீமனை ஒழித்தது. 999 அளவில் சக்திவர்மன் வேங்கி அரியணையில் அமர்த்தப்பட்டான். தம்பி விமலாதித்தனுக்கு ராஜராஜன் தன் மகள் குந்தவையை மணம் செய்து கொடுத்தான். (ராஜராஜனின் தமக்கை குந்தவையின் பெயரைத் தாங்கியவள் இவள், இருவரையும் ஒருவராக எண்ணிக் குழம்புவோர் பலர்.) வேங்கியைச் சோழ மண்டலத்தோடு சேர்த்துக்கொள்ளும் வலிமை அன்று ராஜராஜனுக்கு இருந்தது என்றே நினைக்கிறேன். அவன் சேர்க்கவில்லை. உள்ளூரில் மதிப்புள்ள பழைய அரச குடும்பமே ஆளட்டும், ஆனால் அதன் அரியணை தஞ்சைக்குக் கடன்பட்டதாக இருக்கட்டும் என்பது அவன் ஏற்பாடு. வரி திரட்டவும் கலகம் அடக்கவும் தன் ஆட்களைத் தொலைவில் நிறுத்த வேண்டிய செலவு அவனுக்கு மிச்சமாயிற்று.

மேலைச் சாளுக்கியருக்கு இதன் பொருள் உடனே விளங்கிவிட்டது. 1006இல் அவர்கள் மன்னன் சத்தியாசிரயனின் தளபதி பாயலநம்பி வேங்கிக்குள் புகுந்து செப்ரோலு வரை வந்தான். ராஜராஜன் தன் மறுமொழியை வேங்கியில் சொல்லவில்லை. மகன் ராஜேந்திரனின் தலைமையில் பெரும்படையை மேற்கே, எதிரியின் நாட்டுக்குள்ளேயே அனுப்பினான். தார்வார்ப் பகுதியிலுள்ள ஹொட்டூரின் கன்னடக் கல்வெட்டு, சோழன் 9,00,000 வீரர்களுடன் வந்து தோணூர் வரை நாட்டைப் பாழாக்கினான் என்றும், பெண்களையும் குழந்தைகளையும் அந்தணர்களையும் கொன்றான் என்றும் கடுமையாகக் குற்றம் சாட்டுகிறது. எண்ணிக்கை மிகைதான், ஆயினும் அடிபட்டவர் தரப்பின் சாட்சியம் என்ற முறையில் நாம் அதைப் புறந்தள்ளக் கூடாது. தமிழில் எழுதப்படும் சோழர் வரலாறுகளில் இந்தக் கல்வெட்டின் ‘9,00,000’ மட்டும் பெருமையோடு எடுத்தாளப்படுவதும், அதற்கு அடுத்த வரி விடுபட்டுப்போவதும் எனக்கு வருத்தம் தருவன. அரசியல் விளைவைப் பொறுத்தவரை, சத்தியாசிரயன் தன் நாட்டைக் காக்கத் திரும்ப வேண்டியதாயிற்று; வேங்கி தப்பியது. கிழக்கில் ஒரு நட்பரசும் தெற்கிலிருந்து ஒரு படையும் சேர்ந்து இயங்கிய இந்த முறை அடுத்த அறுபது ஆண்டுகளுக்குச் சோழர் உத்தியின் அடிப்படையாக இருந்தது.

இந்த உத்தியின் ஓட்டையும் அதே குடும்பத்துக்குள்தான் இருந்தது. விமலாதித்தனுக்குக் குந்தவையைத் தவிர, தெலுங்குச் சோடக் குடியில் பிறந்த வேறொரு மனைவியும் உண்டு. குந்தவையின் மகன் ராஜராஜ நரேந்திரன். மற்றவளின் மகன் ஏழாம் விஜயாதித்தன். 1018 அளவில் விமலாதித்தன் இறந்ததும், சோழர் முன்பு சக்திவர்மனை வைத்துச் செய்ததையே மேலைச் சாளுக்கிய இரண்டாம் ஜயசிம்மன் விஜயாதித்தனை வைத்துச் செய்தான். ராஜராஜ நரேந்திரனால் தந்தை இறந்து ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் முடிசூட முடியவில்லை. மருமகனுக்காக முதலாம் ராஜேந்திரன் இரண்டு முனைகளில் போரிட்டான்: மேற்கே முசங்கியில் ஜயசிம்மனோடு, வடகிழக்கே வேங்கியில் விஜயாதித்தனோடும் அவனுக்குத் துணை நின்ற கலிங்கத்தோடும். கங்கை வரை சென்றதாகப் புகழ்பெற்ற படையெடுப்பு இந்த வேங்கித் தலையீட்டின் தொடர்ச்சியாகவே நடந்தது. 1022 ஆகஸ்ட் 16 அன்று ராஜராஜ நரேந்திரன் முடிசூடினான். ராஜேந்திரன் தன் மகள் அம்மங்கையையும் அவனுக்குக் கொடுத்தான். சகோதரி மகனுக்கு மகளைக் கொடுப்பது நம் ஊரில் இன்றும் முறை என்று சொல்லப்படும் உறவுதான். ஆனால் இங்கே அந்த முறை ஒரு நாட்டின் பாதுகாப்பு ஏற்பாடாக இயங்கியது. அடுத்த தலைமுறையில் அம்மங்கையின் மகனுக்கு இரண்டாம் ராஜேந்திரனின் மகள் மதுராந்தகி மனைவியானாள். குந்தவை, அம்மங்கை, மதுராந்தகி என மூன்று தலைமுறைகளாகச் சோழர் வேங்கிக்குப் பெண் கொடுத்தனர். பிற்கால வேங்கிச் செப்பேடுகள் வம்சாவளி சொல்லும்போது, இன்னான் மகன் இன்னான் என்பதோடு நில்லாமல், சூரிய குலத்து ராஜராஜனின் மகள் குந்தவை, ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கை என்று அன்னையரின் பெயரையும் பிறந்த வீட்டையும் எடுத்துரைக்கின்றன. அரசுரிமை அந்த வழியாகவும் கோரப்பட்டது என்பதற்கு அது நேரடிச் சான்று.

இப்படித் தாங்கிப் பிடிப்பதற்கு ஆன விலை என்ன என்று காட்டும் ஒரு செப்பேட்டை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். முடிசூடிய சில ஆண்டுகளில் ராஜராஜ நரேந்திரனை விஜயாதித்தன் மீண்டும் துரத்தினான். ராஜேந்திரன் மூன்று தளபதிகளின் கீழ் படை அனுப்பினான். ராஜராஜ பிரம்ம மகாராஜன், உத்தமசோழ சோடகோன், உத்தமசோழ மிலாடுடையான் என்னும் அந்த மூவரும் கர்நாடகப் படையோடு, அதாவது மேலைச் சாளுக்கியப் படையோடு, பொருது மாண்டனர். அவர்கள் நினைவாக ராஜராஜ நரேந்திரன் கொல்லேறு ஏரிப் பக்கமுள்ள கலிதிண்டியில் சிவன் கோயில்கள் எழுப்பி நிலம் வழங்கியதைக் கலிதிண்டிச் செப்பேடு பதிவுசெய்கிறது. மிலாடு என்பது திருக்கோவலூரைச் சூழ்ந்த நாடு. பெண்ணையாற்றங்கரைத் தலைவன் ஒருவன், தன் அரசனுடைய மருமகனின் அரியணைக்காகக் கோதாவரி நாட்டில் இறந்து, அங்கே ஒரு கோயிலின் பெயராக எஞ்சியிருக்கிறான். மண உறவு போருக்கு மாற்றாக அமையவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1042இல் முதலாம் சோமேசுவரன், அதாவது மெய்க்கீர்த்திகளின் ஆகவமல்லன், மேலைச் சாளுக்கிய அரியணை ஏறிய பிறகு போட்டி உச்சத்தை எட்டியது. களத்தில் சோழர் கையே ஓங்கியிருந்தது. முதலாம் ராஜாதிராஜன் கல்யாணபுரத்தைச் சூறையாடி, அங்கே வீராபிடேகம் என்னும் வெற்றி முடிசூட்டைச் செய்து, விஜயராஜேந்திரன் என்று பட்டம் சூட்டிக்கொண்டான். அங்கிருந்து கொண்டுவந்த துவாரபாலகர் சிலை தாராசுரத்தில் இருந்து, இப்போது தஞ்சைக் கலைக்கூடத்தில் நிற்கிறது. உடையார் ஸ்ரீ விஜயராஜேந்திர தேவர் கல்யாணபுரம் எறிந்து கொண்டுவந்தது என்னும் எழுத்துகள் அதன் பீடத்தில் இருக்கின்றன. அதே அரசனின் மெய்க்கீர்த்தி, தூது வந்த சாளுக்கிய அதிகாரிகளில் ஒருவனுக்கு ஐங்குடுமி வைத்தும் மற்றவனுக்குப் பெண்ணுடை உடுத்தியும், ஆகவமல்லன், ஆகவமல்லி என்று பெயரிட்டுத் திருப்பி அனுப்பியதைப் பெருமையாகச் சொல்கிறது. தூதரை இழிவுபடுத்துவது எதிரி நாட்டில் நமக்கு நண்பனாகக்கூடிய ஒவ்வொருவனையும் முன்கூட்டியே இழப்பதற்குச் சமம். ராஜாதிராஜனின் வீரத்தை நான் மதிக்கிறேன். அவன் அரசியல் அறிவை அவ்வளவு மதிக்க இயலவில்லை. இத்தனை வெற்றிக்கு நடுவிலும் வேங்கி மெல்லக் கைநழுவிக்கொண்டிருந்தது. சோமேசுவரனின் மூத்த மகன் ‘வேங்கிபுரவரேசுவரன்’ (வேங்கி நகரின் தலைவன்) என்ற பட்டத்தைத் தாங்கியிருந்தான். ராஜராஜ நரேந்திரனே கல்யாணியோடு இணங்கிப் போக வேண்டிய நிலை வந்தது. 1054இல் கொப்பத்தில் ராஜாதிராஜன் யானை மேல் இருந்தபடியே உயிரிழந்தான். தம்பி இரண்டாம் ராஜேந்திரன் களத்திலேயே முடிசூடித் தோல்வியை வெற்றியாக மாற்றினான். ஆனால் அந்த வெற்றியும் எல்லைக்கோட்டை நகர்த்தவில்லை.

இந்தச் சூழலில்தான் இரண்டாம் ராஜேந்திரனின் தம்பி வீரராஜேந்திரன் 1063இல் அரசனானான். அவனைக் கூடல்சங்கமத்தில் சாளுக்கியரை வென்ற வீரனாக மட்டுமே பெரும்பாலோர் நினைவில் வைத்திருக்கின்றனர். நான் அவனைச் சோழ மன்னர்களுள் மிகத் தேர்ந்த அரசதந்திரியாகக் கருதுகிறேன். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ராஜராஜ நரேந்திரன் 1061இல் இறந்தபின் வேங்கி, சாளுக்கியச் சார்புடைய ஏழாம் விஜயாதித்தனிடம் போயிருந்தது. முறைப்படி அங்கே உரிமை கோர வேண்டியவன் அம்மங்கையின் மகன் ராஜேந்திரன், அதாவது பிற்காலக் குலோத்துங்கன். வீரராஜேந்திரனுக்கு அவன் சகோதரி மகன். 1067 வாக்கில் வீரராஜேந்திரன் விசயவாடையில் சாளுக்கியப் படையைத் தோற்கடித்து, கோதாவரியைக் கடந்து, வேங்கியை மீட்டான். மீட்ட நாட்டைச் சகோதரி மகனிடம் அவன் கொடுக்கவில்லை. தன் கழலடைந்த விஜயாதித்தனுக்கே அளித்ததாக அவன் மெய்க்கீர்த்தி கூறுகிறது. அதுவரை இரண்டு தலைமுறைச் சோழர் எவனை எதிர்த்துப் படை அனுப்பிக்கொண்டிருந்தார்களோ, அவனுக்கே. முதல் பார்வையில் இது உறவுக்குச் செய்த துரோகமாகத் தோன்றும். எதிரியின் பக்கம் நின்றவனை அவன் இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு தன்னுடையவனாக்குவது, அவனைத் துரத்தி இன்னொருவனை நட்டு, நட்டவனைக் காலமெல்லாம் காப்பதைவிடச் செலவு குறைந்தது என்று வீரராஜேந்திரன் கணக்கிட்டிருக்க வேண்டும். கலிதிண்டியில் மாண்டவர்களை நினைத்தால் அந்தக் கணக்கைக் குறை சொல்ல முடியவில்லை.

அவனுடைய பெரிய நகர்வு அடுத்த ஆண்டு வந்தது. தீராத நோயுற்ற முதலாம் சோமேசுவரன் 1068 மார்ச் மாதம் குருவத்தியில் துங்கபத்திரையில் இறங்கி உயிர்நீத்தான். மூத்த மகன் இரண்டாம் சோமேசுவரன் அரியணை ஏறினான். இளையவன் விக்கிரமாதித்தன் தந்தை காலத்திலேயே படைகளை நடத்தியவன். கங்கபாடி, வனவாசி முதலிய தென்பகுதிகள் அவன் பொறுப்பில் இருந்தவை. அவை சோழ எல்லையைத் தொட்டுக் கிடந்தன. வீரராஜேந்திரன் புதிய அரசனுக்கு மூச்சுவிட நேரம் தரவில்லை. அரியணை மாறிய உடனேயே அவன் குத்திக் கோட்டையை முற்றுகையிட்டான். சோழன் புறங்கொடுத்து ஓடினான் என்று சோமேசுவரனின் கல்வெட்டு சொல்கிறது. சோழ மெய்க்கீர்த்தியோ, சோமேசுவரன் தான் கட்டியிருந்த கண்டிகையை அவிழ்ப்பதற்கு முன்பே கம்பிலியைச் சுட்டுக் கரடிக்கல்லில் வெற்றித்தூண் நாட்டியதாகப் பாடுகிறது. கண்டிகை என்பது இளவரசுப் பட்டத்தின் அடையாளமாக அணியும் கழுத்தணி. இளவரசன் அரசனாகும் அந்த இடைவெளியைத்தான் வீரராஜேந்திரன் குறிவைத்தான் என்பதை அந்த ஒரு சொற்றொடரே காட்டிவிடுகிறது.

அதே மெய்க்கீர்த்தி அடுத்துச் சொல்வது இந்தப் பதிலின் மையம். சோமேசுவரனைக் கன்னட நாட்டிலிருந்து துரத்தி, தன்னடி அடைந்த சாளுக்கி விக்கிரமாதித்தனுக்கு எண்டிசையும் அறியக் கண்டிகை கட்டி, இரட்டபாடி ஏழரை இலக்கத்தையும் வென்று கொடுத்ததாக அது கூறுகிறது. சாளுக்கிய நாட்டின் இளவரசுச் சின்னத்தை ஒரு சோழன் ஒரு சாளுக்கியன் கழுத்தில் கட்டுகிறான். கூடவே தன் மகளையும் மணம் செய்து கொடுக்கிறான். இதே நிகழ்ச்சியை மறுபக்கத்திலிருந்து சொல்பவர் விக்கிரமாதித்தனின் அவைப்புலவரான காஷ்மீரத்துப் பில்ஹணர். தம் தலைவனின் வரலாற்றை வடமொழிக் காவியமாக இயற்றிய அவர், அண்ணனின் தீய நடத்தை பொறுக்காமல் விக்கிரமாதித்தன் தம்பி ஜயசிம்மனோடு கல்யாணியை விட்டு வெளியேறினான் என்றும், அவன் தெற்கே வருவதைக் கண்டு அஞ்சிய சோழன்தான் தூதனுப்பிப் பெண் கொடுக்க முன்வந்தான் என்றும், துங்கபத்திரைக் கரையில் திருமணம் நடந்தது என்றும் பாடுகிறார். யார் யாரை நாடி வந்தார் என்பதில் இருவரும் அவரவர் மானத்தைக் காத்துக்கொள்கின்றனர். அதை விலக்கிவிட்டுப் பார்த்தால் இரு சான்றுகளும் ஒத்துப்போகின்றன: அண்ணனும் தம்பியும் பிரிந்தார்கள், தம்பி சோழனுக்கு மருமகனானான். இதில் கோவாக் கதம்ப மன்னன் முதலாம் ஜயகேசி இடைநின்று சாளுக்கியனையும் சோழனையும் நண்பர்களாக்கினான் என்று அவன் மரபினரின் கல்வெட்டுகள் பெருமை கொள்கின்றன. பிற்காலத்தில் விக்கிரமாதித்தன் தன் மகள் மைலலதேவியை ஜயகேசியின் பேரன் இரண்டாம் ஜயகேசிக்குக் கொடுத்தான்.

கொப்பமும் கூடல்சங்கமமும் தராததை இந்த ஏற்பாடு தந்தது. சாளுக்கிய அரசின் தென்பாதி விக்கிரமாதித்தன் கையில் ஏறக்குறையத் தனி நாடாகிவிட்டது. சோமேசுவரன் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வேங்கியில் பணிந்த விஜயாதித்தன், தெற்கில் மருமகன் விக்கிரமாதித்தன் என்று கல்யாணியின் இரு புறமும் சோழச் சார்புடையோர் அமர்ந்தனர். பெரும்போர் ஏதும் இல்லாமல் இரண்டே ஆண்டுகளுக்குள் இது முடிந்தது.

1070இல் வீரராஜேந்திரன் இறந்தான், எல்லாம் தலைகீழாயின. பில்ஹணர் சொல்வதன்படி, மாமனார் இறந்த செய்தியும் சோழ நாட்டில் குழப்பம் என்ற செய்தியும் கேட்டு விக்கிரமாதித்தன் காஞ்சிக்கு விரைந்து கலகக்காரரை அடக்கினான். பின் கங்கைகொண்ட சோழபுரம் சென்று மைத்துனனை, அதாவது அதிராஜேந்திரனை, அரியணையில் அமர்த்தினான். ஒரு மாதம் அங்கே தங்கியிருந்து திரும்பினான். கல்யாணியின் இளவரசன் ஒருவன் சோழத் தலைநகருக்குள் படையோடு வந்து, யார் அரசன் என்று உறுதிசெய்துவிட்டுப் போகிறான். ராஜாதிராஜன் காலத்தில் யாரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாத காட்சி இது. அதற்கு வழி திறந்தது வீரராஜேந்திரன் செய்துவைத்த திருமணமே. விக்கிரமாதித்தன் திரும்பிய சில நாட்களில் அதிராஜேந்திரன் கலகத்தில் கொல்லப்பட்டான் என்றும், வேங்கித் தலைவன் ராஜிகன் சோழ அரியணையைக் கைப்பற்றினான் என்றும் பில்ஹணர் தொடர்கிறார். ராஜிகன் என்பவன் அம்மங்கையின் மகன் குலோத்துங்கனே. கலிங்கத்துப்பரணி அதிராஜேந்திரனின் பெயரையே எடுக்காமல், நாட்டில் நேர்ந்த சீர்குலைவை நீக்க அபயன், அதாவது குலோத்துங்கன், வந்தான் என்று பாடுகிறது. அரசனின் புகழ் பாடும் நூல் ஒரு பெயரை இப்படித் தாண்டிச் செல்வது கவனிக்கத் தக்கது.

குலோத்துங்கன் அரசனானதை வேங்கிச் சாளுக்கியன் சோழ நாட்டைக் கவர்ந்த கதையாகச் சிலரும், சோழர் மகள் வயிற்றுப் பேரன் தன் உரிமையைப் பெற்ற கதையாகச் சிலரும் எழுதுகின்றனர். தந்தை வழியில் சாளுக்கியன், தாய் வழியிலும் தந்தையைப் பெற்ற பாட்டி வழியிலும் சோழன், மனைவியும் சோழர் மகள் என்ற நிலையில் இரண்டுமே உண்மைதான். நமது கேள்விக்கு முக்கியமானது வேறு. வேங்கியைக் கட்டிப்போட மூன்று தலைமுறை பெண் கொடுத்ததன் விளைவாக, சோழ அரியணைக்கு உரிமை கோரக்கூடிய ஒருவன் வேங்கி அரச குடும்பத்தில் உருவானான். அவனுக்கு வேங்கியை மறுத்ததன் மூலம், தன் மகனுக்குப் போட்டியாக வரக்கூடியவனை மனக்குறையோடும் நாடில்லாமலும் விட்டுவைத்தான் வீரராஜேந்திரன். அவனுடைய அரசதந்திரத்தில் நான் காணும் பெரும் பிழை இதுதான்.

அரியணை ஏறிய குலோத்துங்கன் சற்றும் தாமதிக்காமல் அதே கருவியை மறுபக்கம் திருப்பினான். வீரராஜேந்திரன் அண்ணனுக்கு எதிராகத் தம்பியைப் பிடித்தான் என்றால், குலோத்துங்கன் தம்பிக்கு எதிராக அண்ணன் சோமேசுவரனோடு சேர்ந்தான். விக்கிரமாதித்தனும் சும்மா இருக்கவில்லை. ஹொய்சளரையும், பின்னர் தேவகிரியில் ஆளவிருந்த யாதவரின் முன்னோரான சேவுணரையும், கோவாக் கதம்பரையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டான். 1076இல் முடிவு தெரிந்தது. விக்கிரமாதித்தன் அண்ணனைத் தோற்கடித்துச் சிறைப்படுத்தி, தன் பெயரால் புதிய ஆண்டுக்கணக்கையும் தொடங்கினான். குலோத்துங்கன் தன் மெய்க்கீர்த்திகளில் விக்கலனை, அதாவது விக்கிரமாதித்தனை, நங்கிலியிலிருந்து மணலூர் வழியே துங்கபத்திரை வரை விரட்டியதாகக் கூறுகிறான். கூட்டாளி சோமேசுவரன் அழிந்தான். கோலார்ப் பக்கத்துக் கங்க நாடு சோழர் கையில் நின்றது. நட்புக்காக எடுத்த போரில் நண்பனை இழந்து நிலத்தைப் பெற்றவன் என்று குலோத்துங்கனைச் சொல்லலாம்.

விக்கிரமாதித்தன் அடுத்த ஐம்பது ஆண்டுகள் ஆண்டான். சோழரைச் சுற்றி வளைக்கத் தூதரையே முதற்கருவியாகக் கொண்டான். சோழ நாட்டின் 1070ஆம் ஆண்டுக் குழப்பத்தைப் பயன்படுத்திப் பொலன்னறுவையிலிருந்து சோழரை வெளியேற்றிய இலங்கை மன்னன் முதலாம் விஜயபாகு அவனுக்கு இயல்பான நண்பன். கர்நாடக அரசனுக்குக் காணிக்கைகளோடு சென்ற விஜயபாகுவின் தூதர்கள் சோழ நாட்டில் பிடிபட்டு மூக்கும் காதும் அறுபட்டதாக இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் கூறுகிறது. வெகுண்ட விஜயபாகு சோழர் மேல் படையெடுக்க ஆயத்தமானபோது, சோழரோடு போரிட மனமில்லாத அவனுடைய கூலிப்படையான வேளைக்காரப் படையினர் பொலன்னறுவையிலேயே கிளர்ந்தெழுந்தனர்; அவன் அவர்களை அடக்குவதில் இறங்க நேர்ந்தது. தூதருக்கு இழைத்த கொடுமையைப் பொறுத்தவரை குலோத்துங்கன் காலமும் ராஜாதிராஜன் காலத்தைவிட மேலானதாக இல்லை. ஆயினும் இரு திசையிலிருந்தும் ஒரே நேரத்தில் தாக்கப்படும் ஆபத்து அப்போதைக்கு நீங்கியது.

வேங்கியைக் குலோத்துங்கன் தன் மக்களைக் கொண்டே ஆண்டான். விஜயாதித்தனுக்குப் பின் முதலில் அனுப்பப்பட்ட ராஜராஜ மும்முடிச்சோழன், பெற்றோரின் பாதங்களுக்குச் செய்யும் பணிவிடைக்கு ஈடாக இந்த அரசு எனக்குத் தோன்றவில்லை என்று ஓராண்டிலேயே திரும்பிவிட்டதாக அவன் தம்பியரின் செப்பேடுகள் கூறுகின்றன. பிறகு வீரசோழனும் ராஜராஜ சோடகங்கனும் மாறிமாறி அங்கே இருந்தனர். சார்பரசாக இருந்தபோது வேங்கிக்குத் தன் மண்ணில் வேரூன்றிய ஓர் அரச குடும்பம் இருந்தது; இளவரசர்களின் பணியிடமாக ஆன பிறகு அது இல்லாமற்போயிற்று. 1118இல் விக்கிரம சோழன் முதுமையுற்ற தந்தைக்குத் துணையாகத் தெற்கே சென்றதும் வேங்கி தலைவனின்றிப் போயிற்று என்று பித்தாபுரம் கல்வெட்டு சொல்கிறது. அதே ஆண்டில் விக்கிரமாதித்தனின் தளபதி அனந்தபாலன் அங்கே ஆட்சி செய்வதைக் காண்கிறோம்.

அதற்குச் சற்று முன்பே, ஒரு காலத்தில் விக்கிரமாதித்தனுக்குத் துணை நின்ற ஹொய்சளரின் விஷ்ணுவர்த்தனன் சோழரிடமிருந்து தலைக்காட்டைப் பறித்துக் கங்கபாடியைத் தனதாக்கிக்கொண்டான். சோழருக்கு எதிராக வளர்த்துவிடப்பட்ட அந்த வலிமை 1118இல் வளர்த்தவன் மேலேயே திரும்பியது: கண்ணேகாலில் ஹொய்சளத் தளபதி கங்கராஜன் சாளுக்கியப் படையை இரவில் தாக்கிச் சிதறடித்தான். 1126இல் விக்கிரமாதித்தன் இறந்தான். அடுத்த ஆண்டுகளில் வேங்கியின் தென்பகுதியில் சோழர் பெயரிட்ட கல்வெட்டுகள் மீண்டும் தோன்றுகின்றன. ஆனால் அங்கே நாட்டை நடத்தியவர்கள் உள்ளூர் வேலநாட்டுத் தலைவர்கள். தஞ்சையிலிருந்து பெண் எடுத்து அரியணை ஏறிய பழைய சாளுக்கியக் கிளையின் இடத்தில் இப்போது அவர்களே இருந்தனர்.